அட்சதை மழையில் உடைந்த முகம்

என் தங்கை சுரேகாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறைந்துவிடும். ஆவடி மார்க்கெட் பக்கம் அவள் நடத்தும் வீடியோ கடையில் அன்று நானும் இருந்தேன்; வந்த வேலை அப்படி, காலையிலிருந்தே அவள் ஓரிரு வார்த்தைதான் பேசினாள். எதிரே உட்கார்ந்திருந்த கலியமூர்த்திதான் இருவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் டேங்க் பேக்டரி ஊழியர், குவார்ட்டர்ஸ்வாசி. மகள் கல்யாணம் திருவேற்காட்டில் நடந்தது. வந்தவாசிப் பக்கம் இருக்கும் அவருடைய அக்கா கன்னியம்மாள் கால் எலும்பு முறிந்து படுத்திருந்ததால் வர முடியவில்லை. தேதியைத் தள்ளி வைக்கச் சொன்னார், தம்பி கேட்கவில்லை. அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அக்கா வீட்டில் இருப்பது பழைய டிவியும் டிவிடி பிளேயரும்தான். பழுதாகிக் கிடந்த அந்த பிளேயரை ஆள் விட்டு வரவழைத்து, ஆவடியிலேயே சரி செய்து, கல்யாண வீடியோவை அதில் போட்டுக் காட்டி அக்காவைச் சமாதானப்படுத்தக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"மச்சான் போன்ல எடுத்த வீடியோ, மூணு மணி நேரம் கீது. ஒரே டிஸ்க்குல வரணும்மா. மாத்திப் போட அக்காவுக்குத் தெரியாது. ஒருத்தரையும் வெட்டிடாத. மொய் வெச்சவன் ஒருத்தன் மூஞ்சி இல்லன்னாலும், அவன இன்னாத்துக்கு வெட்டினேன்னு என்னத்தான் கேக்கும்."

"இவ்ளோ நேரத்த உள்ள அடைச்சா படம் கெட்டுடும், சார்."

"நீ கெட்டிக்காரி. பாத்துக்கோ."

டிஸ்க்கில் இடம் இவ்வளவுதான் என்று கணக்கு உண்டு. படம் நீள நீள, ஒவ்வொரு நொடிக்கும் கிடைக்கும் பங்கு குறையும். அதற்கு பிட்ரேட் என்று பெயர். முதல் டிஸ்க்கில் மொய் வரிசை நன்றாகவே வந்தது. ஆள் நின்று கொடுக்கிறார், சிரிக்கிறார், போகிறார். தாலி கட்டும்போதுதான் வினை. நாலா பக்கமும் அட்சதை பறந்தது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு திசையில் போவதைப் பதிய இடம் போதாமல், மணப்பெண் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"இன்னாம்மா, என் பொண்ணு மூஞ்சி ஜல்லடையாட்டம் கீது?"

சுரேகா செட்டிங்கை மாற்றினாள். அமைதியான காட்சிக்குக் குறைவாகவும் பரபரப்பான காட்சிக்கு அதிகமாகவும் இடம் பிரித்துக் கொடுக்கும் முறை அது. கம்ப்யூட்டர் படத்தை முழுதாக ஒருமுறை பார்த்துவிட்டு, மறுமுறைதான் எழுதும். நேரம் இரட்டிப்பு. ஒரு நொடிக்கு அதிகபட்சம் இவ்வளவு என்ற உச்ச அளவையும் தாராளமாக ஏற்றி வைத்தாள். கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. கன்னியம்மாளின் பிளேயரோ அந்த வேகத்தைத் தாங்கவில்லை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் படம் உறைந்து, கெட்டிமேளம் பாதியில் நின்றது.

கலியமூர்த்தி எழுந்தே விட்டார். "அய்யய்யோ! தாலி கட்டறப்போ மேளம் நின்னா அபசகுனம்னு சொல்லி அக்கா என்னை ஊட்டுக்குள்ளயே சேக்காது!"

உச்சத்தைக் குறைத்து எழுதினாள். பிளேயர் ஓடியது, முகத்தில் மறுபடி கட்டங்கள். குறையோடு ஒரு டிஸ்க்கைக்கூட வெளியே அனுப்பாதவள் அவள். மூன்று டிஸ்க்கையும் குப்பைக் கூடையில் வீசினாள். பிறகு செட்டிங் பக்கத்தை மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவள், சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க பாரேன். மேளக்காரனே பாதி இடத்தத் தின்னுட்டான்."

நாதஸ்வரம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று கல்யாண வீடியோக்களுக்கு ஒலியைச் சுருக்காமல் வைப்பது அவள் வழக்கம். ஒரு மணி நேரப் படத்துக்கு அது பொருந்தும். மூன்று மணி நேரத்துக்குப் படத்தின் பங்கையும் ஒலியே எடுத்துக்கொண்டது. ஒலியைச் சுருக்கி, மிஞ்சிய இடத்தைப் படத்துக்குக் கொடுத்தாள். இந்த முறை அட்சதை கொட்டியது, மேளம் நிற்கவில்லை, முகம் முகமாகவே இருந்தது.

மறுநாள் கலியமூர்த்தி வந்தவாசியிலிருந்து போன் செய்தார். "தாலி கட்டறத திரும்பத் திரும்பப் போடச் சொல்லிச்சும்மா. அப்பால, சாப்டியாடான்னு கேட்டுச்சு."

சுரேகா போனை வைத்தாள். "மொதல்லயே சத்தத்தப் பாத்திருக்கணும், ஒரு நாளே போச்சு" என்று தன்னைத் திட்டிக்கொண்டே அடுத்த வேலையைத் திறந்தாள்.