கொலைகாரன் பொம்மைக்குப் புருவம் எழுதியவள்

என் நாத்தனார் அன்னக்கொடிக்குக் கைத்திமிர் அதிகம். அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். விளாச்சேரியில் மண் பிசையாத வீடு கிடையாது. ஆனால் பொம்மைக்கு முகம் எழுத அவளை விட்டால் ஆளில்லை என்று ஊரே சொல்லிச் சொல்லி அவளைக் கெடுத்து வைத்திருந்தது. அவளுக்கு அண்ணன், என் வீட்டுக்காரர் பேயாண்டி, அச்சில் எடுத்துச் சுட்டுக் கொடுப்பார். நான் வெள்ளையடித்துச் சாயம் பூசுவேன். முகம் மட்டும் அவளுக்கு. அவள் புருவம் எழுதும்போது யாரும் தும்மக்கூடக் கூடாது. பெரிய மகாராணி! அப்பேர்ப்பட்டவள் இப்போது குதிரைக்கும் யானைக்கும்தான் கண் எழுதுகிறாள். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கூடவே இருந்தவள் நான், என்னைக் கேட்டால்தானே?

அந்த வருஷம் தை மாதம் மேலூர் ரோட்டில், ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், ஜவுளி வியாபாரி நூருல் அமீனை யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். மசமசவென்று இருட்டுகிற நேரம். கூட வண்டியில் வந்த தம்பி அப்துல் வஹீது வயலுக்குள் விழுந்து உயிர் பிழைத்தார். பயத்தில் அவருக்குக் கண்ட காய்ச்சல் மாதக்கணக்கில் இறங்கவில்லை. போலீஸ் சந்தேகத்தின் பேரில் கொட்டாம்பட்டி வண்டிக்காரன் விருமாண்டியைப் பிடித்து ஜெயிலில் போட்டது. வழக்கு இன்னும் கோர்ட்டுக்கே வரவில்லை. அதற்குள் மதுரையில் கொலைச் சிந்து அச்சடித்துச் சந்தைக்குச் சந்தை பாடி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் செத்த துக்கம் இன்னொருவனுக்கு வியாபாரம்!

புது மண்டபத்தில் பொம்மைக் கடை வைத்திருந்த சிவசங்கரனுக்கு மட்டும் சும்மா இருக்க முடியுமா? எங்கள் வாசலில் அவர் ஜட்கா வண்டி வந்து நின்றது.

"பேயாண்டி, சித்திரைத் திருவிழாவுக்கு விருமாண்டி பொம்மை வேணும்ப்பா. கையில தகர அருவா. ஊரே அவன் பேச்சாத்தான் கெடக்கு. ஆளுக்கு ஒண்ணு வாங்கி வீட்டுல வைப்பான் பாரு."

"கொலைகாரனை எவன்ணே வீட்டுல வைப்பான்?" என்றார் இவர்.

"ராவணனை வைக்கலையா? சூரனை வைக்கலையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ராவணன் பொண்டாட்டி நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நிக்கப் போறதில்லண்ணே. ராவணன் கையால செத்தவங்க பிள்ளையும் நம்ம கண்ணு முன்னால திரியப் போறதில்ல" என்றேன்.

சிவசங்கரன் சிரித்தார். அந்த வருஷம் பருவம் தப்பிப் பெய்த மழையில் சூளை நனைந்து பாதிப் பொம்மை பாழாகியிருந்தது. இவரால் மறுக்க முடியவில்லை. அன்னக்கொடியைப் பார்த்தேன். "மண்ணு மண்ணுதான் மதினி. அதுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பொம்மைகள் சுட்டு, சாயமும் பூசி, வரிசையாக நின்றன. முகம்தான் பாக்கி. அவள் எழுதவில்லை. விருமாண்டியை அவள் கண்டதில்லை. சிந்துப் புத்தகத்தில் போட்டிருந்தது மீசை வைத்த பூசணிக்காய். "எவன் மூஞ்சியையோ எழுதிட்டு இவன்தான்னு எப்படி மதினி குடுக்கிறது?" என்று உட்கார்ந்திருந்தாள்.

நான் வாய் வைத்த வேளையோ என்னவோ, ஒரு நாள் காலையில் விருமாண்டி பெண்டாட்டி முருகம்மாள் நிஜமாகவே வாசலில் வந்து நின்றாள். பொம்மை சமாச்சாரம் தெரிந்து சண்டைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்து, இவர் ஓடிப்போய் வரிசை மேல் சாக்கை இழுத்து மூடினார். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. புருஷன் விடுதலையாகி வந்தால் அவன் உருவத்தை மண்ணில் செய்து அய்யனாருக்கு வைப்பதாக நேர்ந்துகொண்டு, அதைச் செய்யச் சொல்லிவைக்க வந்திருந்தாள்.

நேர்த்திக்கடன் உருவத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. யாருக்காக வேண்டுதலோ அவர் வர முடியாவிட்டால், அவருடைய ரத்த உறவோ தாலி கட்டியவளோ ஈர மண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் அங்க அடையாளத்தை முகம் எழுதுகிறவள் காதில் சொல்ல வேண்டும். அப்போதுதான் சாமிக்கு ஆள் தெரியுமாம். அங்கே சொன்னது அந்த உருவத்துக்கு மட்டும்தான். வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. மாமியார் உயிரோடு இருந்தவரை இதில் அப்படி ஒரு கண்டிப்பு.

முருகம்மாள் சாக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் கால்மாட்டில் தகர அரிவாள்கள் குவிந்து கிடந்தன, அதை மறைக்க மறந்துவிட்டோம். ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"எதுக்குக்கா இம்புட்டு அருவா?"

"கருப்பணசாமிக்கும்மா" என்றேன். பச்சைப் பொய். அவள் அரிவாளைக் கண்ணில் ஒற்றிக் கீழே வைத்தாள். அடக் கடவுளே, அதை என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அன்னக்கொடி காதில் குனிந்து சொன்னாள். எனக்கும் அரைகுறையாகக் கேட்டது. இடது புருவம் நடுவில் பிளந்திருக்குமாம், சின்ன வயசில் மாடு முட்டியதாம்.

மறுநாள் நான் தண்ணீர் எடுத்துத் திரும்பி வருகிறேன், அன்னக்கொடி அரிவாள் பொம்மைகளுக்கு மளமளவென்று முகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றிலும் இடது புருவம் நடுவில் இடைவெளி விட்டிருந்தது.

"அடிப் பாதகத்தி! அது சாமிக்குச் சொன்னதுடி!"

"தெரிஞ்ச பொறவு தப்பா எழுத எனக்குக் கை வரல மதினி. ஒரு புருவம்தானே, அதுல என்ன வந்துறப் போகுது?" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

சித்திரைத் திருவிழாவில் பொம்மை கூடை கூடையாகப் போனது. அழகரைப் பார்க்க வந்த கூட்டம் கொலைகாரனையும் வாங்கிக்கொண்டு போனது. திருவிழா கழிந்து சிவசங்கரன் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"சங்கதி தெரியுமா? வஹீதுக்குக் காய்ச்சல் விட்டு ஜெயிலுக்குக் கூட்டிப் போயிருக்காங்க. ஒரே சாடையில பல பேரை வரிசையா நிறுத்தி, இதுல எவன்னு கேட்டிருக்காங்க. மொதல்ல இருட்டுல பார்த்த மூஞ்சிக்கு அடையாளம் சொல்லத் தெரியலன்னு சொன்ன மனுஷன், நேரா விருமாண்டிகிட்டப் போயி, 'இந்தப் புருவம்தான்'னு கையைக் காட்டிட்டாரு! நம்ம பொம்மைதாம்மா அவனைப் பிடிச்சுக் குடுத்திருக்கு. இனிமே தூக்குதான்."

அன்னக்கொடி கையிலிருந்த சாயக் கொட்டாங்குச்சி கீழே விழுந்து உருண்டது.

அதே வாரம் முருகம்மாளும் வந்தாள். கையில் ஒரு விருமாண்டி பொம்மை. கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"இந்தப் புருவத்தை நான் ஒன்கிட்ட மட்டும்தான் சொன்னேன். சாமி காதுல சொல்றதா நெனச்சுச் சொன்னேன். நீ ஊரைக் கூட்டி வித்துட்டியே, தாயீ" என்றாள். "எனக்கு உருவமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அன்னக்கொடி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். பிறகு ஒரு நாள் எழுந்து, விருமாண்டியின் வக்கீல் பிச்சுமணியைப் பார்க்கக் கிளம்பினாள். சேதி எட்டிய சிவசங்கரன் ஆள் அனுப்பினார்: கோர்ட்டில் வாயைத் திறந்தால் இனி விளாச்சேரிப் பொம்மை ஒன்றுகூடத் தன் கடை ஏறாது என்று. எனக்கோ வேறு பயம்.

"ஏன்டி, அவன் நெசமாவே வெட்டுனவனா இருந்தா? செத்தவருக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்குல்ல?"

"இருக்கலாம் மதினி. வெட்டுனதுக்குத் தூக்குல போடட்டும். நான் எழுதுன புருவத்துக்காகப் போட வேணாம்."

கோர்ட்டில் அவள் கூண்டேறியபோது என் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"எதிரி விருமாண்டியை முன்னே பின்னே பார்த்திருக்கிறாயா?"

"இல்லீங்க சாமி."

"அவன் புருவம் பிளந்திருப்பது நிஜம்தானே?"

"நிஜந்தான்."

"அப்புறம் என்ன? சாட்சி சொன்னதும் நிஜம்தானே!"

கூட்டம் சிரித்தது. எதிர்க் கூண்டில் நின்ற விருமாண்டி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை நானும் உற்று உற்றுப் பார்த்தேன். வெட்டியவனா இல்லையா என்று முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கும்?

பிச்சுமணி வக்கீல் கேட்டுக்கொண்டபடி வஹீதை மறுபடி கூண்டுக்கு அழைத்தார்கள். இளைத்துப்போய்க் குச்சியாக இருந்தார்.

"அடையாளம் காட்ட ஜெயிலுக்குப் போகும் முன்னால் இந்தப் பொம்மையைப் பார்த்திருக்கிறீர்களா?"

அவர் பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பார்த்தேன். எங்க அண்ணன் மவன் கையில இருந்துச்சு. திருவிழாவுல யாரோ வாங்கிக் குடுத்திருக்காங்க. தன் அத்தாவை வெட்டுனவன்னு தெரியாம, பச்சப்புள்ள அதைப் பக்கத்துல போட்டுத் தூங்கிட்டிருந்தான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"பிளந்த புருவத்தை அன்றைக்கு வயலில் பார்த்தீர்களா, இந்தப் பொம்மையில் பார்த்தீர்களா?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வயல்லதான்னு நெனச்சேன். ஜெயில்ல கை காட்டும்போதும் அப்படித்தான் நெனச்சேன். இப்ப... அல்லா மேல ஆணையா எனக்குத் தெரியல."

வேறு சாட்சி கிடையாது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விருமாண்டியை விட்டுவிட்டார்கள். முருகம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அன்னக்கொடி பெருமூச்சு விட்டாள். ஓர் உயிர் போகாமல் தடுத்தோம் என்று எனக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

நாங்கள் கோர்ட்டு வராந்தாவைத் தாண்டும்போது வஹீது எதிரே வந்து நின்றார்.

"ஏம்மா, நீங்க நெசத்தைத்தான் சொன்னீங்க. அதுக்கு நான் கோவப்பட மாட்டேன்" என்றார். "அன்னிக்கு வயல்ல கெடந்தப்ப ஒரு மூஞ்சியைப் பார்த்தேம்மா. இருட்டுதான், ஆனாலும் பார்த்தேன். வாயில சொல்லத் தெரியலையே ஒழிய, எதிர்ல வந்தா பிடிச்சிருவேன்னு மனசுல பொத்தி வச்சிருந்தேன். எங்க அண்ணனுக்காக என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். இப்பக் கண்ணை மூடுனா ஒங்க பொம்மைதான் வருது. வெட்டுனது இவனா, வேற எவனாச்சுமான்னு இனிமே சாகுற மட்டும் எனக்குத் தெரியாது."

அன்னக்கொடி முகம் எழுதுகிற கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.