களவாண்ட புகையிலை

கருத்தம்மாள் மருமகனோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். பரளச்சியில் அவள் வயது மாமியார்கள் அப்படித்தான். சொல்ல வேண்டியதை முற்றத்தில் கட்டியிருக்கும் ஆட்டிடம் சொல்வாள். கேட்க வேண்டியவன் காதில் அது போய் விழும்.

"ஏ மூதி, வந்த எடத்துல எம்புட்டு நாளைக்குப் படுத்துக் கெடப்ப? ஒனக்குன்னு ஒரு தொழுவு கெடயாதா?"

வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முத்துராஜ் மரத்தைப் பார்த்துப் பதில் சொன்னான்: "பொண்டாட்டிய அனுப்பி வச்சா ஆடு தன்னால கெளம்பிரும்."

முத்துராஜுக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. இன்னும் ஒரே ஒரு பயணம், அப்புறம் ஊரோடு இருந்துவிடுவேன் என்று சொல்லித்தான் தங்கச்செல்வியைக் கட்டினான். அதற்குப் பிறகு மூன்று தடவை கப்பலேறிவிட்டான். ஒவ்வொரு தடவையும் அவளைப் பந்தல்குடியில் அவன் அம்மாவின் சாப்பாட்டுக் கடையில் விட்டுவிட்டுப் போனான். லாரிக்காரர்களுக்குச் சோறு பொங்கி, அண்டா கழுவி, அவள் கை தோல் உரிந்துபோயிற்று. ஒரு நாள் கழுவிய அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். மறுபடியும் கப்பலேறும் முன் அவளைக் கடையில் கொண்டுபோய் விடுவதற்கு வந்திருந்தான் முத்துராஜ். அனுப்புவதில்லை என்றிருந்தாள் கருத்தம்மாள்.

அவன் வந்ததிலிருந்து அந்த வாசனைதான் அவளைப் படுத்தியது.

அவனிடம் வளைந்த மரக்குழாய் ஒன்றும் வட்டத் தகர டப்பா ஒன்றும் இருந்தன. டப்பாவிலிருந்து நூல்நூலாக நறுக்கிய கறுப்புப் புகையிலையை எடுத்து விரலால் உதிர்ப்பான். குழாயின் வாயில் கொஞ்சம் போடுவான். கட்டைவிரலால் லேசாக அமுக்கி, மேலும் கொஞ்சம் போடுவான். பிறகு பற்றவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் இழுப்பான். சுருட்டு நாற்றமோ பீடி நாற்றமோ இல்லை. நெய்யில் திராட்சை வறுத்த மாதிரி இருக்கும். தெருவில் போகிறவர்கள், "என்ன கருத்தம்மா, மருமகனுக்குப் பாயாசமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

களையெடுக்கப் போன காலத்தில் மத்தியானப் பசிக்குப் புகையிலையை அடக்கிப் பழகியவள் அவள். பருத்திக் காடு போய், புருஷன் போய், இப்போது நூறுநாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கும்போதும் கடைவாயில் அது இருக்கும். கடைக்காரன் கிள்ளித் தருவதை நாக்கில் வைத்த மாத்திரத்தில், "இது போன வருசத்துச் சரக்கு, எடுத்து உள்ள வையி" என்பாள். அப்படிப்பட்டவளால் ஒரு டப்பாவைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் சும்மா இருக்க முடியும்?

ஆனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வம்புள்ள வீட்டில் கை நனைக்கக் கூடாது. முத்துராஜும் சாப்பாட்டுக்குக் கருத்தம்மாளின் கொழுந்தன் வீட்டுக்குத்தான் போய்வந்தான். வம்புக்காரன் புகையிலையை வாங்கி வாயில் போட்டால் வம்பு தீர்ந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவனை எதிர்த்துப் பேச முடியாது.

முத்துராஜ் கண்மாய்க்குக் குளிக்கப் போனான். டப்பா நாற்காலியிலேயே இருந்தது.

திறந்தாள். ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. ஒரு கிள்ளு எடுத்து, சுண்ணாம்பு தடவிய வெற்றிலையோடு சேர்த்துக் கடைவாயில் ஒதுக்கினாள். முதலில் இனித்தது. கருப்பட்டி இனிப்பு இல்லை, ஏதோ பழத்து இனிப்பு. ஏமாத்து வேலை என்று துப்பப் போனாள். அப்போதுதான் அடியிலிருந்து கசப்பு ஏறியது. கசப்பைத் தொட்டுக்கொண்டு காரம் வந்தது. நெற்றியில் அடிக்கிற காரம் இல்லை. நின்று நிதானமாக ஏறுகிற காரம். காதுமடல் சுட்டது. தலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சுவரில் சாய்ந்துகொண்டாள். நல்ல சரக்கு. பாவிப்பயல் கையில் இப்படி ஒரு சரக்கு.

குளித்துவிட்டு முத்துராஜ் தனியாக வரவில்லை. கருத்தம்மாளின் கொழுந்தன் மாரிச்செல்வத்தையும் நியாயம் பேசக் கூட்டிக்கொண்டு வந்தான்.

"மதினி, புள்ளய அனுப்பி வைங்க. மாப்ள நாளைக்கித் தூத்துக்குடி போகணுமாம்."

கருத்தம்மாள் ஆட்டுப் பக்கம் திரும்பி, "அண்டா கழுவுறதுக்கா நான் பெத்தேன்?" என்று வாயைத் திறந்தாள். திராட்சை வாசனை முற்றம் முழுக்க வந்தது.

முத்துராஜ் டப்பாவைத் திறந்து பார்த்தான். "ஆடு எம் போயிலையைத் தின்னுருச்சு, மாமா."

மாரிச்செல்வம் சிரித்துவிட்டார். "அட, முடிஞ்சுபோச்சே! மதினி, அவுக போயிலையை வாயில போட்டாச்சுல்ல? இனி என்ன வம்பு? ஏ தங்கம், பைய எடுத்துக்கிட்டு வா."

கருத்தம்மாள் எழுந்தாள். கட்டிக்கொடுத்த நாளிலிருந்து முதன்முறையாக மருமகனை முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"வாங்கல. நீ குடுத்து நான் வாங்கல. களவாண்டேன்."

"மதினி, என்ன பேச்சு இது?"

"களவாணின்னு ஊரக் கூட்டிச் சொல்லு. ஸ்டேசன்ல போயி எழுதிக் குடு. ஓங்கிட்ட கை நீட்டி வாங்குனேன்னு மட்டும் சொல்லாத."

முத்துராஜ் குழைந்தான். "அத்த, நான் குடுத்ததாவே இருக்கட்டும். டப்பாவையே வச்சுக்கங்க." நீட்டினான்.

கருத்தம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

தங்கச்செல்வி வாசலுக்கு வந்தாள். கையில் பை இல்லை. "அம்மா களவாண்டதுக்கு நான் அபராதமா? போங்க. அண்டா கழுவ ஆளு போட்டுக்கிட்டு, ஊரோட இருக்குறதுன்னா வாங்க."

"ஏமாத்துக்கார குடும்பம்," என்றான் முத்துராஜ். டப்பாவை முற்றத்து மண்ணில் கவிழ்த்துக் கொட்டி, காலால் தேய்த்தான். மாரிச்செல்வம் சொன்ன எதையும் கேட்காமல் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

கரிசல் மண்ணில் புகையிலை எது, மண் எது என்று தெரியவில்லை. கருத்தம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சனியனத் துப்பித் தொலம்மா," என்றாள் மகள்.

கருத்தம்மாள் மாட்டேன் என்று தலையாட்டினாள். இன்னும் கொஞ்சம் காரம் பாக்கி இருந்தது.