என் மேல் நானே கட்டிய பிராது

கொளஞ்சியப்பனை நம்பிக் கும்பிடுகிற அத்தனை பேருக்கும் அன்பழகனின் வணக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சூளைக்குத் தீ பார்க்கிறவன் நான். எழுதிப் பழக்கம் இல்லை. இதையும் தள்ளிப்போட்டிருப்பேன். என் மனைவி தமிழரசி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

2007ஆம் வருஷம் ஆடி மாதம் என் வாழ்க்கை ஒரே நாளில் கவிழ்ந்தது. கவிழ்த்தது நான்தான்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். சூளைக்குள் எவ்வளவு சூடு என்று காட்ட வெளியே முள் மீட்டர் ஒன்று இருக்கும். அது போக, பொம்மைகளோடு சேர்த்து உள்ளே கோன் வைப்போம். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு மண் கூம்பு, அவ்வளவுதான். சரியான சூடு வந்ததும் அது வளைந்து தலை கவிழும். கதவிலிருக்கும் ஓட்டை வழியாகக் கறுப்புக் கண்ணாடி பிடித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கவிழ்ந்ததும் தீயை நிறுத்த வேண்டும். கோனை முதல் நாளே களிமண்ணில் நட்டுக் காயவைக்க வேண்டும். அதுதான் எனக்கு ஆகாது. "அப்புறம் நட்டுக்கலாம், மீட்டர்தான் இருக்குதே" என்று விட்டுவிடுவேன். கம்பெனியில் எனக்கு வைத்த பெயரே "அப்புறம் அன்பு". ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, சைக்கிளுக்கு பிரேக் கட்டை மாற்றுவது, பல் வலிக்கு டாக்டரைப் பார்ப்பது, எல்லாமே அப்புறம்தான்.

போதாக்குறைக்கு அதற்கு முந்தின வருஷம் ஒரு பழைய செல்போன் வாங்கியிருந்தேன். அதில் பாம்பு விளையாட்டு, எஃப்.எம்., தினமும் இலவச எஸ்.எம்.எஸ். கையை விட்டு இறங்கவே இறங்காது. சோறு தின்னும்போதும் இடது கையில் அதுதான்.

அன்றைக்கு மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. "இந்த வேல் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் மாலைக்குள் நல்ல செய்தி வரும்." எழுத்தையும் புள்ளியையும் கோத்து வேல் மாதிரி வரைந்திருந்தார்கள். சாமி விஷயமாயிற்றே என்று உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராக அனுப்பினேன். ஏழாவது ஆளுக்கு அனுப்பும்போது அவன் பதிலுக்கு ஒரு விடுகதை அனுப்பினான். அதற்கு விடை யோசித்தேன். நிமிர்ந்து மீட்டரைப் பார்த்தபோது முள் எங்கேயோ போயிருந்தது. கோன் நான் வைக்கவே இல்லை.

ரெண்டு நாள் கழித்துச் சூளை ஆறியதும் கதவைத் திறந்தோம். கொலுவுக்குப் போக வேண்டிய பொம்மைகள். செட்டியார் உருகிச் செட்டிச்சி தோளில் சாய்ந்திருந்தார். பிள்ளையார்களின் தும்பிக்கையெல்லாம் கொழுக்கட்டைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. பளபளப்புக்குப் பூசிய பூச்சு வழிந்து பலகையோடு பிடித்துக்கொண்டது. ஒன்றுகூடத் தேறவில்லை.

அந்தப் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதியது ஆறு பெண்கள். என் தமிழரசியும் அதில் ஒருத்தி. இருபது நாள் குனிந்த கழுத்து நிமிராமல் செய்த வேலை. யாரும் என்னைத் திட்டவில்லை. மூத்தவரான மல்லிகா அக்கா மட்டும் ஒட்டிப்போன பிள்ளையார் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "புருவம் நல்லா வந்திருந்துச்சு தம்பி" என்றார்.

முதலாளி கூப்பிட்டார். "அன்பு, நவராத்திரிக்கு ஒரே ஒரு லோடு பாக்கி இருக்குது. அதுவும் போச்சுன்னா என் கடையே போச்சு. பதினோரு வருஷம் இருக்கியேன்னு அதை உங்கிட்ட விடறேன். தப்பாச்சுன்னா நீ இந்தச் சூளைப் பக்கம் வராத." எனக்குத் தெரிந்த ஒரே தொழில் தீ பார்ப்பதுதான். கோபம் வந்து செல்லைத் தூக்கிப் பரண் மேல் வைத்தேன். மறுநாள் காலையில் ஸ்டூல் போட்டு எடுத்தேன். எத்தனை தடவை சத்தியம் செய்து எத்தனை தடவை மீறினேன் என்று எனக்கே தெரியாது. என்னால் ஆகாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. வெட்கமாக இருந்தது, அழுதேன்.

தமிழரசிதான் சொன்னாள். "வாங்க, மணவாளநல்லூருக்குப் போயி பிராது கட்டலாம்."

வெளியூர் பக்தர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்து மணவாளநல்லூரில் முருகன் கொளஞ்சியப்பராக, கல் வடிவில் இருக்கிறார். அவரிடம் போலீஸ் ஸ்டேஷனில் கொடுப்பது போலப் புகார் எழுதித் தரலாம். யார், எந்த ஊர், யார் மேல் புகார், என்ன அநியாயம், எல்லாம் தாளில் எழுத வேண்டும். குருக்கள் அதைச் சாமி காலடியில் வைத்துத் திருநீறோடு மடித்துத் தருவார். முனியப்பர் சந்நிதி முன்னால் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று நாளோ, மூன்று வாரமோ, மூன்று மாதமோ, அதற்குள் தீர்ப்பு வந்துவிடும். குற்றம் செய்தவன் தப்பவே முடியாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

மண்டபத்தில் உட்கார்ந்து தமிழரசி எழுதினாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவள், எதிரி பெயர் வந்ததும் நிமிர்ந்தாள்.

"செல்போனுன்னு போடு" என்றேன்.

"அதுவா ஸ்டூல் போட்டு ஏறி எறங்குச்சு?"

"அப்ப எஸ்.எம்.எஸ். அனுப்பினவன் பேரைப் போடு."

அவள் பேனாவை மூடிவிட்டாள். "சாமிகிட்ட பொய்ப் பிராது கொடுக்காதீங்க. நான் எழுத மாட்டேன்."

மூடிய பேனாவை நானே திறந்து அவள் கையில் கொடுத்தேன். "என் பேரையே போடு" என்றேன். அவள் மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட நீட்டினாள். "ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றாள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டேன்.

குருக்கள் வாங்கிப் பார்த்தார். "என்னங்க, மனு கொடுக்கறவர் பேரும் எதிரி பேரும் ஒண்ணா இருக்குது?"

"சரியாத்தான் இருக்குதுங்க சாமி."

அவர் தாளைக் கடைசி வரைக்கும் படித்துவிட்டுச் சிரித்தார். என் நிலைமையைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

கட்டிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. புகார் கொடுத்தவன் நான், சரி. குற்றவாளியும் நான்தானே? சாமி தண்டனை கொடுத்தால் யாருக்குக் கொடுக்கும்?

அதன் பிறகு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூன்றாம் நாள் ரசம் குடித்து நாக்கு வெந்தது, தீர்ப்பு வந்துவிட்டது என்று எழுந்து நின்றேன். சைக்கிள் பஞ்சர் ஆனது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பெரிய தண்டனை வருவதற்குள் குற்றத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றாக வேலையை முடிக்க ஆரம்பித்தேன். பிரேக் கட்டை மாற்றினேன். தாலுகா ஆபீஸில் வரிசையில் நின்று ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தேன். செல்லை எடுக்கக் கை போகும், "முருகா, வாய்தா கொடு" என்று வாய் தானாகச் சொல்லும், கை திரும்பிவிடும். சில நாள் திரும்பாது. அன்றைக்குத் தமிழரசியிடம் ஒப்புக்கொள்வேன். ஆனால் நாளாக நாளாகக் கை போவதே குறைந்தது. இது என் புத்தியால் வந்ததில்லை. பரணுக்கு ஸ்டூல் போட்ட புத்தி எது என்று எனக்குத் தெரியும்.

ஆவணிக் கடைசியில் அந்த லோடு வந்தது. முதல் நாளே கோன் நட்டுக் காயவைத்தேன். விடிந்ததும் செல்லை மல்லிகா அக்காவின் மதியச் சாப்பாட்டுக் கூடையில் போட்டேன். "மணி அடிச்சா நான் எடுக்க மாட்டேன், கேட்டுக்க" என்றார் அக்கா. சூளையைப் பற்றவைத்தேன்.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு மீட்டர் முள் மெதுவானது. ஒரு இடத்தில் வந்து நின்றது. இன்னும் நிறையச் சூடு ஏற வேண்டும் என்று காட்டியது. ஓட்டை வழியாகப் பார்த்தேன். கோன் வளைய ஆரம்பித்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கோன் தலை கவிழ்ந்துகொண்டிருந்தது. மீட்டர் இல்லை என்கிறது, கோன் ஆமாம் என்கிறது. "முருகா, என் கண்ணு மேல எனக்கே நம்பிக்கை இல்ல, நீ சொல்லு" என்று சத்தமாகவே கேட்டேன். கேட்டு முடித்ததும் மனதில் ஒரு நடுக்கமும் இல்லை. தீயை நிறுத்தினேன்.

முதலாளி ஓடி வந்தார். "யோவ், மீட்டர் இன்னும் வரவே இல்ல, என்னாய்யா பண்ற?"

"கோன் சாஞ்சிடுச்சுங்க."

"வேகாம போச்சுன்னா?"

"போச்சுன்னா நானே போயிடறேங்க."

சூளை ஆறுகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவைத் திறக்கும்போது ஆறு பெண்களும் வந்து நின்றார்கள். முதல் தட்டை இழுத்தேன். செட்டியார் நேராக உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணர் புல்லாங்குழல் வளையவில்லை. அத்தனையும் இப்போதுதான் குளத்தில் குளித்து ஏறியது போல மின்னியது. மல்லிகா அக்கா கைதட்டிவிட்டார். முதலாளி மீட்டரைப் பிரித்துப் பார்க்க ஆள் கூப்பிட்டார். சூளைக்குள் போகிற அதன் கம்பி பழுதாகிச் சூட்டைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. மீட்டரை நம்பியிருந்தால் மொத்தமும் மறுபடி உருகியிருக்கும். அன்றைக்குப் பார்த்து அந்தக் கம்பி பழுதாவானேன்? அன்றைக்குப் பார்த்து என் கண் ஓட்டையிலேயே இருப்பானேன்? சொல்லுங்கள். எனக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. என் வேலை என்னிடமே இருந்தது.

தீபாவளிக்கு முன்னால் பிராதை வாபஸ் வாங்க ரெண்டு பேரும் போனோம். காரியம் முடிந்தால் வாபஸ் வாங்குவது அங்கே முறை. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன், "நல்ல வேளை, சாமி தண்டனை கொடுக்காம விட்டுருச்சு. மூணு மாசமா பயந்து செத்தேன்."

தமிழரசி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஏன் பயந்தீங்க? அதான் கடைசியில எழுதியிருந்தேனே."

"என்னா எழுதியிருந்த?"

"'இவர் நல்லவர். தண்டிக்க வேண்டாம், கூட இருந்து திருத்தினால் போதும். இப்படிக்கு, இவர் மனைவி'ன்னு. நீங்கதான் அப்புறம் படிக்கறேன்னு கையெழுத்து போட்டுட்டீங்க."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். கருணை மனு முதல் நாளே சாமி காலடிக்குப் போய்விட்டது. நான்தான் படிக்கவில்லை.

இன்றைக்கும் செல் இருக்கிறது. மணி அடித்தால் எடுக்கிறேன், பேசுகிறேன், வைக்கிறேன். சூளை எரியும் நாளில் அது மல்லிகா அக்கா கூடையில்தான். "அப்புறம் அன்பு" என்று கூப்பிடுகிறவர்கள் இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள், கேலிக்கு.

உங்களுக்கும் விட முடியாத பழக்கம் ஒன்று இருக்கும். நம்பி வாருங்கள். எதிரி பெயர் எழுத வேண்டிய இடத்தில் தைரியமாக உங்கள் பெயரை எழுதுங்கள். கொளஞ்சியப்பன் அடிக்கிற சாமி இல்லை. கையெழுத்துப் போடும் முன் மட்டும் ஒரு தடவை படித்துப் பாருங்கள், உங்களுக்காக யாராவது அதில் ஒரு வரி எழுதியிருப்பார்கள்.