ஹயசிந்த் வரிசையும் ஒரு அடி நிலமும்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வேலி இல்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகள், நடுவில் ஒரே சுவர். பின்பக்கம் போனால் இரண்டு வளவும் சேர்ந்து ஒரே புல்வெளி. காலையில் தேத்தண்ணீரோடு குசினி யன்னலில் நின்றால், பக்கத்து வீட்டுக் கிழவி சப்பாத்துக் காலோடு என் புல்லில் ஏறி இறங்கிப் போவது தெரியும். முன்பு இங்கே இருந்தவர்களும் அவளும் நல்ல சிநேகிதமாம், வேலி தேவைப்படவில்லையாம். வீடு வாங்கித் தந்த ஏஜென்ட் இதை ஒரு பெருமையாகச் சொன்னான். அவனும் யாழ்ப்பாணத்தான்தான். வேலியில்லாத காணியை இன்னொரு யாழ்ப்பாணத்தானுக்குப் பெருமை பேசி விற்க அவனுக்கு எப்படி மனம் வந்ததோ தெரியாது.

எங்களுடைய ஆட்களைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட என்ன இருக்கிறது? வேலி அடைக்கிற காலம் வந்தால் கதியால் தடியை இரண்டு விரல் தள்ளி நடுவோம். அடுத்த வருஷம் இன்னும் இரண்டு விரல். பக்கத்துக்காரன் கண்டுபிடித்தால் சண்டை, கண்டுபிடிக்காவிட்டால் லாபம். என் அப்பாவும் சித்தப்பாவும் கிணற்றடிப் பக்கத்து ஆறு அங்குலத்துக்காகப் பதினொரு வருஷம் வழக்காடினார்கள். கூடப் பிறந்தவர்கள், ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போனதில்லை. நான் எண்பத்தாறில் வெளிக்கிட்டபோதும் வழக்கு முடியவில்லை. தொண்ணூறில் ஆமி வந்து ஊரையே எழுப்பிவிட்டு, இரண்டு காணியையும் சேர்த்து முட்கம்பிக்குள் வைத்துக்கொண்டது. இப்போது இருவரும் வவுனியாவில் ஒரே வாடகை வீட்டில், அடுத்தடுத்த பாயில் படுக்கிறார்கள்.

கிழவியின் பெயர் மிஸிஸ் வில்சன். நாங்கள் குடிவந்த முதல் கோடையில் என் மனைவி ராணி பின் வளவில் காஸ் அடுப்பை வைத்து மிளகாய் வறுத்தாள். ஒரு வருஷத்துத் தூளுக்கு வேண்டிய மிளகாய். வீட்டுக்குள் வறுத்தால் அலாரம் கத்தும் என்றுதான் வெளியே கொண்டுபோனோம். கிழவி லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். "இங்கே மனிதர்கள் மூச்சு விட வேண்டும்" என்றாள். மனிதர்கள் என்ற சொல்லை அவள் அழுத்திச் சொன்ன விதம் எனக்குச் சுள்ளென்று ஏறியது. வாசலில் யாராவது ஒரு சொல் சொன்னால் பத்துச் சொல் திருப்பிச் சொல்கிற பரம்பரையில் வந்தவன் நான். இங்கிலீஷில் ஒன்றும் வரவில்லை. "சொறி" என்றேன். அந்தச் சொறிக்காக அவளை நான் மன்னிக்கவில்லை.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, கிழவி வளவின் கடைசியில் முழங்காலில் நின்று வரிசையாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கடதாசிப் பை. அதற்குள் ஊதாத் தோலோடு பெரிய வெங்காயம் மாதிரிக் கிழங்குகள். சுவரின் நடுவிலிருந்து நேரே கோடு பிடித்துப் பார்த்தேன். வரிசை என் பக்கம் அரை அடி உள்ளுக்கு வந்திருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதியாலுக்குப் பதிலாகப் பூ.

"திஸ் இஸ் மை லேண்ட்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "இது ஹயசிந்த். ஏப்ரலில் பார், வாசம் உன் குசினி வரைக்கும் வரும். உங்களுக்கும் நல்லது."

எங்கள் குசினிக்கு வாசம் அனுப்புகிறாளாம். மிளகாய் மணத்துக்கு மருந்து போடுகிறாளாம். இரத்தம் கொதிக்க உள்ளே வந்து அளக்கிற நாடாவைத் தேடினேன்.

"உங்களுக்கென்ன விசரே? அந்த மனுசி பூ நடுது, நீங்கள் எல்லை அளக்கிறியள்" என்றாள் ராணி.

"இண்டைக்குப் பூ நடுவாள். நாளைக்கு மரம் நடுவாள். பிறகு மரத்தைக் காட்டி இதுதான் எல்லை எண்பாள். உனக்குத் தெரியாது."

"உங்கட கொப்பரும் இப்பிடித்தானே?"

அப்பாவை இழுத்தவுடன் நான் நாடாவை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஸிஸ் வில்சன் பிக்கரிங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். கார் தெருமுனை திரும்பியதும் நைலோன் கயிறு கட்டி, மண்வெட்டியோடு இறங்கினேன். இருபத்துமூன்று கிழங்கு. ஒன்றையும் எறியவில்லை, நான் கள்ளன் இல்லை. ஒவ்வொன்றாகக் கிண்டியெடுத்து, கயிற்றுக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி அவள் பக்கத்தில் நட்டேன். பதின்மூன்று வயதிலிருந்து வெங்காயம் நட்ட கை இது. தலை வெளியே தெரிய, பாதி மண்ணுக்கு மேலே இருக்க, வரிசை பிசகாமல் நட்டு மண்ணை அணைத்துவிட்டேன். அவள் ஏன் ஒவ்வொரு கிழங்கையும் ஒரு சாணுக்கும் ஆழமாகப் புதைத்திருந்தாள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வெள்ளைக்காரிக்குக் கிழங்கு நடத் தெரியாது என்று முடிவு செய்தேன். உள்ளே வந்து அரை மணித்தியாலத்தில் இரண்டு கையும் தடித்து, சொறி தாங்கவில்லை. "மருந்து பூசி வைச்சிருக்கிறாள், பார்த்தியா" என்று ராணியிடம் காட்டினேன். அவள் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தந்தாள். அந்தக் கிழங்கின் தோலே சொறியும் என்று பிறகு வேலையிடத்தில் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

இரண்டொரு நாளில் உறைபனி விழுந்தது, கிழவி மகள் வீட்டிலிருந்து வருமுன் ஸ்நோ மூடிவிட்டது. ஐந்து மாதம் எல்லையும் இல்லை, வளவும் இல்லை, எல்லாம் ஒரே வெள்ளை. ஏப்ரலில் பனி கரைந்தபோது கிழங்குகள் மண்ணுக்கு வெளியே உருண்டு கிடந்தன. குளிரில் மண் பொருமி அவற்றை மேலே தள்ளிவிட்டிருந்தது. அழுகிப்போய், விரலால் தொட்டால் நசிந்தன. எப்படியோ ஒன்று மட்டும் வேர் பிடித்து, மாதக் கடைசியில் குள்ளமாக ஒரு ஊதாக் குலையைத் தள்ளியது. ஒரே ஒரு பூ. உண்மையைச் சொல்கிறேன், இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருஷத்தில் வளவில் நின்று வாசமுள்ள பூவொன்றை மணந்தது அன்றைக்குத்தான். அது நெஞ்சுக்குள் போனது. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மிஸிஸ் வில்சன் அழுகிய கிழங்குகளைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றாள். இரைந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும், நானும் இரைந்திருப்பேன். "நீ கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அடுத்த கிழமை அவள் கூப்பிட்டு ஒரு சேர்வேயர் வந்தான். முக்காலி வைத்து, பழைய வரைபடத்தை விரித்து, செம்மஞ்சள் நாடா கட்டிய முளைகளை அடித்தான். எல்லை சுவரிலிருந்து நேரே போகவில்லையாம். கோணலாக அவள் பக்கம் சாய்ந்து போகிறதாம். வளவின் கடைசியில் நான் பிடித்த கோட்டுக்கு அப்பால் இன்னும் ஒரு அடிக்கு மேல் என்னுடையது. முப்பது வருஷமாக அவள் புல் வெட்டிய நிலம். நான் அவளிடம் தள்ளிவிட்ட வரிசையும் என் காணிக்குள்தான் கிடந்தது.

அவள் முகம் வெளுத்துப்போனது. எனக்கு அப்படியொரு சந்தோஷம், அதை மறைக்கவும் தோன்றவில்லை. பின்னேரம் அவள் சின்னக் கரண்டியோடு வந்து முளைக்கு அந்தப் பக்கம் நின்றாள். "உன் நிலத்தில் காலை வைக்கலாமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். குனிந்து, அந்த ஒற்றைப் பூவை வேரோடும் மண்ணோடும் கிண்டி எடுத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தன் பக்கம் போனாள். அந்தக் கிழமையே ஆட்களைப் பிடித்து, வளவின் நீளத்துக்கும் பலகை வேலி போட்டாள்.

ஞாயிறு காலையில் அப்பாவுக்கு எடுத்தேன். வவுனியாவில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு டெலிபோன். நேரம் சொல்லிவைத்தால் அப்பாவும் சித்தப்பாவும் வந்து காத்திருப்பார்கள். சுகம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

"அப்பா, எல்லை அளந்தாச்சு. நாங்கள் வெண்டிட்டம். ஒரு அடிக்கு மேலை எங்கட பக்கம் வந்திருக்கு."

லைன் இரைந்தது. பிறகு அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"ஆரடா அளந்தது? ஆமி உள்ளுக்கு விட்டவனோ?"

இல்லையப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் திரும்பிச் சத்தம் போட்டார். "தம்பி, இஞ்ச ஓடி வா! எங்கட காணி அளந்தாச்சாம்!" றிசீவர் கை மாறியது. பதினொரு வருஷம் அப்பாவின் முகத்தில் முழியாத சித்தப்பா பேசினார்.

"மோனை, அந்தக் கிணத்தடித் துண்டு எனக்கு வேண்டாம் எண்டு அளந்தவையிட்டைச் சொல்லு. அண்ணையே வைச்சிருக்கட்டும். நாங்கள் எப்ப உள்ளுக்குப் போகலாம் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லு, ராசா."

"இஞ்ச, சித்தப்பா" என்றேன். "கனடாவிலை. இந்த வீட்டுக் காணி."

"ஓ. உங்கையோ" என்றார்.

றிசீவர் மறுபடியும் அப்பாவிடம் போனது. அவர் ஒன்றிரண்டு தரம் செருமினார். என் மனம் நோகக்கூடாது என்று ஏதோ தேடுகிறார் என்று தெரிந்தது.

"அப்ப, வேலி வடிவா அடைச்சாச்சோ?"

"ஓம், அப்பா" என்றேன். யன்னலுக்கு வெளியே புதுப் பலகைகள் இடைவெளி இல்லாமல் நின்றன. அந்த ஒரு அடியில் கிழவி பூ எடுத்த குழி இன்னும் திறந்தபடி கிடந்தது.