மருந்துக்கடை அக்காவின் தகர டப்பா

சுங்கச்சாவடியில் அவளுக்கு மருந்துக்கடை என்று பெயர். வைத்தவள் பக்கத்துக் கூண்டுக்காரி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள், அப்படி ஒட்டிக்கொண்டது.

கூண்டு என்றால் கூண்டேதான். ஒரு நாற்காலி, கம்ப்யூட்டர், கை நீட்டுகிற அளவுக்கு ஒரு ஜன்னல், வெளியே உறுமிக்கொண்டு நிற்கிற லாரி. கக்கூஸ் சாலைக்கு அந்தப் பக்கம். மாற்றாள் வந்து உட்கார்ந்தால்தான் எழுந்து போகலாம், அந்த மாற்றாளோ எல்லாக் கூண்டுக்கும் சேர்த்து ஒரே ஒருத்தி. ஆகவே பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். குடித்தால்தானே வரும்? அப்படியும் வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவார்கள்.

நீர்க்கடுப்பு வராமல் வேறென்ன வரும்? டாக்டரிடம் போக லீவு கேட்கலாம்தான். ஆனால் சூப்பர்வைசர் ஆம்பளை. எங்கே எரிகிறது என்று அவனிடம் யார் சொல்வது? அதனால் உடை மாற்றுகிற அறையில், இவள் அலமாரியில், ஒரு தகர டப்பா இருந்தது. எவளாவது டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கினால், எரிச்சல் நின்றதும் மிச்சத்தை டப்பாவில் போட்டுவிட வேண்டும். அடுத்தவளுக்கு ஆகும். முழுசையும் தின்று தீர்த்தவளுக்குத் தின்னிப்பண்டாரம் என்று பட்டம்.

"அக்கா, நெருப்பா எரியுது. வெள்ளையா, மஞ்சளா?"

"போன தடவ எது எடுத்த?"

"வெள்ளை."

"அப்ப மஞ்சள் போடு. நின்னதும் மிச்சத்தக் கொண்டாந்துடணும், ஆமா."

"பீஸ் எவ்ளோ டாக்டரம்மா?"

"வாய மூடிட்டுப் போய் உக்காரு, அங்க ஹாரன் அடிச்சே சாகறான்."

டப்பாவுக்கு முதல் வாடிக்கை அவளேதான். ஆரம்பத்தில் இரண்டு மாத்திரை போட்டால் வலி போன இடம் தெரியாது. பிறகு வெள்ளை கேட்கவில்லை, மஞ்சளுக்கு மாறினாள். மஞ்சளும் கேட்காமல் போனதும் கேப்சூல். ஒவ்வொன்றும் கொஞ்ச நாளாவது கேட்டது. அதுதான் அவளை ஏமாற்றியது.

ஒரு மத்தியானம் கூண்டுக்குள்ளேயே உடம்பு தூக்கிப் போட்டது. விலாவுக்குப் பின்னால் கத்தியைச் செருகியது போல வலி. பஞ்சர் கடை வைத்திருக்கும் புருஷன், கையில் ஒட்டிய டயர் கறுப்போடு ஓடி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான்.

கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றாள் டாக்டர். சின்ன வயசுக்காரி. நரம்பில் ஊசி மருந்தை ஏற்றிவிட்டு, சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினாள். "இதுக்கு முன்னாடி மாத்திரை எத்தன நாள் சாப்பிடுவீங்க?"

"எரிச்சல் நிக்கிற வரைக்கும்மா."

"அப்ப கிருமி மொத்தமும் செத்திருக்காதும்மா. தப்பிச்சது தாக்குப்பிடிக்கிற ஜாதி. அதுதான் பெருகும்."

புருஷன் கொதித்தான். "உனக்கு யாருடி டாக்டர் பட்டம் குடுத்தது?" கத்தி முடித்தவன் காலடியில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துவிட ஆரம்பித்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் பக்கத்துக் கூண்டுக்காரி பார்க்க வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல போய் அந்த டப்பாவக் குப்பையில கொட்டு" என்றாள் இவள்.

"கொட்டிடறேன். நாளைக்கு எனக்கு எரிஞ்சா என்னக்கா பண்றது?"

"டாக்டர்கிட்ட போ."

"லீவு நீ வாங்கித் தருவியா?"

வந்தவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

காய்ச்சல் இறங்கவே இல்லை. சோதனை முடிவு வந்ததும் டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து பேசுகிற டாக்டரைப் பார்த்ததும் புருஷன் எழுந்து நின்றான்.

"ஏத்திட்டிருக்கிற மருந்து கேக்கலம்மா. மாத்திரை எதுவுமே கேக்காது. இன்னும் ஒரே ஒரு ஊசிதான் கேக்கும்னு வந்திருக்கு. ஆனா அது சிறுநீரகத்தையே அடிக்கும்."

"அதுவும் கேக்கலன்னா?"

"போட்டுப் பாப்போம்மா."

அவள் விடவில்லை. "அதுக்கு மேல என்ன இருக்கு? சொல்லுங்க."

டாக்டர் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அதுக்கு மேல எங்ககிட்ட எதுவும் இல்லம்மா."

நர்ஸ் பழைய பாட்டிலைக் கழற்றிவிட்டு, அந்தக் கடைசி மருந்தை மாட்டினாள். மருந்துக்கடை தன் வீங்கிய கையைப் புரட்டி நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லவா முடியும்?