பதினான்கு மில்லி

நான் பாடம் நடத்தும் கல்லூரியின் வேதியியல் ஆய்வக உதவியாளரை எல்லோரும் சொட்டு அண்ணன் என்போம். கரைசலில் ஒரு சொட்டு கூடினாலும் அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து கலப்பார். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று புதுப் பிள்ளைகளைப் பிடித்துவைத்து ஓதுவார். இருபத்தாறு வருடத்தில் அவர் கணக்குப் பிசகியது ஒரே தடவை. அதிலும் பாதி என் பங்கு. பாதி என்ன பாதி, முக்கால்.

போன வருடம் பாடத்திட்டம் மாறியது. கந்தக அமிலத்தின் செறிவை நார்மல் என்ற அலகில் எழுதியது போய், மோலார் என்ற அலகில் எழுதச் சொன்னார்கள். பழைய 0.1 நார்மலும் புதிய 0.05 மோலாரும் ஒன்றேதான். பத்து லிட்டர் கலக்க அடர் அமிலம் அதே இருபத்தெட்டு மில்லிதான். எண் பாதியானதைப் பார்த்து, அண்ணன் அமிலத்தையும் பாதியாக்கிப் பதினான்கு என்று எழுதிவிட்டார். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, தேர்வுக்குக் கலக்கும் முன் தாளை என்னிடம் நீட்டினார்.

"மேடம், புதுக் கணக்கு. ஒரு தடவை பாத்துடுங்க."

எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. "இத்தனை வருஷமா கலக்குறீங்க, இதையும் நான்தான் பாக்கணுமா?" என்று மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

செய்முறைத் தேர்வில், கரைசல் பாதியாக நீர்த்திருந்ததால், இருபது மில்லி செலவாக வேண்டிய அமிலம் நாற்பது செலவானது. வருடம் முழுக்கப் பழைய கரைசலில் இருபதைப் பார்த்துப் பழகிய இருபத்துமூன்று பேரும் வாயே திறக்காமல் இருபது என்று எழுதிவைத்தார்கள். பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள். ஒருத்தி மட்டும் கண்ணால் கண்ட நாற்பதை எழுதினாள். அளக்கவே தெரியவில்லை என்று அவளை ஃபெயில் போட்டேன். அவளுக்குக் கிடைத்திருந்த மேற்படிப்பு இடமும் அதோடு போகும் என்று தெரிந்தேதான் போட்டேன்.

மாலையில் அண்ணன் மிஞ்சிய கரைசலைத் தானே சோதித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி மேடம். தப்பு நம்மளோடது."

"மார்க் பட்டியல் அனுப்பியாச்சு. சும்மா இருங்க."

அவர் சும்மா இருக்கவில்லை, நேராக முதல்வரிடம் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"கணக்கை யார் சரிபாத்தது?" என்று கேட்டார் முதல்வர்.

நான் கையெழுத்துப் போட்ட தாள் அண்ணனின் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான்தான் சார் கலந்தேன். தப்பு என்னோடது" என்றார் அண்ணன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பெண்ணுக்கு மதிப்பெண் திரும்பக் கிடைத்தது. அண்ணனைக் கரைசல் கலக்க விடாமல் குடுவை கழுவ அனுப்பினார்கள். முதல்வரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக நினைக்கிறேன். சொல்லவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடத் தேர்வுக்குக் கணக்குப் போட்டது நான். அண்ணன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"குடுங்க மேடம், ஒரு தடவை பாத்துடறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். பெருக்கலைத் தனியாக இன்னொரு முறை போட்டுப் பார்த்தார்.

"இருபத்தெட்டு. சரியா இருக்கு" என்று தாளைத் திருப்பித் தந்தார். பிறகு, குறை சொல்கிற குரலில்கூட இல்லை, சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்:

"அன்னிக்கு உங்க கையெழுத்தைப் பாத்த பிறகுதான் மேடம், தைரியமா கலந்தேன்."