எதிர்த்து இழுத்த கத்தி

வீட்டில் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் படிகாரக் கட்டியைப் பார்த்தாலே, ரோட்டை அகலப்படுத்தும்போது இடித்துவிட்ட கடத்தூர் சலூன் நினைவுக்கு வந்துவிடும். சந்தைக்கு வரும் நாளில் மட்டும் சவரம் செய்துகொள்ளும் அப்பா, அடுத்த வாரம் வரைக்கும் தாங்கட்டும் என்று, “எதிர்த்து இன்னொருக்கா இழுத்துவிடுங்க” என்பார்.

“உங்க தோலு தாங்காதுங்க, முடி போற பக்கமே போதும்” என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டும் சத்தத்துக்கே, சின்னப் பையனான நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவேன். அங்கிருந்து பார்த்தால், எதிர்த்து மழித்த இடத்தில் படிகாரம் பட்டதும் சுருண்டுகொள்ளும் அப்பாவின் கால்விரல்கள்தான் தெரியும்.

“எரியுதாப்பா?”

“இல்லடா.”

எனக்கும் அதே தோல். இன்றைக்கு என் முதல் வேலை நேர்காணல். முகம் தடித்துச் சிவந்துவிடுமோ என்று பயம். வெந்நீர்த் துணியால் ஒத்தி, முடி போகும் பக்கமே ஒரே தடவை மழித்தேன். ரத்தம் வரவில்லை, படிகாரமும் தேவைப்படவில்லை. ஆனாலும் குனிந்து பார்த்தால் என் கால்விரல்கள் சுருண்டிருக்கின்றன.